ஆயாவுக்கு என்ன நோய்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் கடைசி மூன்று பத்திகளையாவது படித்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்திவாக்கத்தில் என் வீட்டுக்கு ஒரு பழைய மாணவர் வந்தார். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவருடைய அக்காவுக்கு நாற்பது வயதில் மார்பகப் புற்றுநோய். மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டம்: குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா?

"சார், எங்க ஆயா எதுல செத்தாங்கன்னே எங்களுக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டா வயித்து நோவுன்னு மட்டும் சொல்றாங்க. அதனால இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"தெரியாதுங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணாப்பா?" என்றேன். சிரித்தார். வகுப்பில் இதே கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கல்வெட்டு கிடைக்கவில்லை என்பதற்காக அந்த ஊரே இருந்ததில்லை என்று எழுதக் கூடாது என்பேன். 31 வருடம் வரலாறு நடத்தியவன். நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் சோழர் வம்சாவளி வரிசையாக இருக்கிறது. விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளுக்குத் தன் சொந்த ஆயா எப்படி இறந்தாள் என்று தெரியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாம்தான் சொல்லவில்லை.

அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், இந்த விஷயத்தில் நானும் குற்றவாளி. அதை இங்கே எழுதலாமா என்று என் மகளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் அக்கா 1994இல் தன் 47ஆவது வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தாள். ஊருக்கு நாங்கள் சொன்னது அல்சர் என்று. அவளுக்கு முன்னால் பெரியம்மா. அதற்கும் முன்னால் அம்மாவைப் பெற்ற ஆயா. அந்த இரண்டு பேருக்கும் 'வயித்துக் கட்டி' என்று பேச்சு. மூன்று சாவையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்காவின் வைத்தியத்துக்கு மணலியில் இருந்த மனையை விற்றோம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினேன். அதை அடைத்து முடிக்க ஆறு வருடம் ஆனது.

2015இல் அக்கா மகளுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. தென் சென்னையில் ஒரு மருத்துவமனையில் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் ஒரு பிழை இருப்பதாக முடிவு வந்தது. அவள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, இது அம்மா வழியா வந்திருக்கு. உங்களுக்கும் இருக்கலாம். நீங்களும் ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் ஆம்பளைம்மா, எனக்கு எதுக்கு அது?" என்றேன். அறியாமையால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அப்போது என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் குடும்பத்தில் கேன்சர் உண்டு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. 2017இல் அவள் கல்யாணம் முடிந்த பிறகுதான் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் அந்தப் பிழை இருந்தது. மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு வருஷம் தெரிஞ்சும் ஏம்பா சொல்லல?" அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அவளுடைய பரிசோதனை முடிவு அவளுக்குச் சொந்தம். அதை இங்கே எழுதமாட்டேன்.

அதன் பிறகு என் வழக்கப்படி புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். இந்த நோயின் வரலாறே குடும்பங்கள் வாய் திறந்து பேசியதால் உண்டான வரலாறு என்று புரிந்தது.

1866இல் பாரிஸ் அறுவை மருத்துவர் பால் புரோக்கா ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அது அவருடைய மனைவியின் குடும்பம். 1895இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆல்பிரட் வார்தின் என்ற மருத்துவரிடம் ஒரு தையற்காரப் பெண் பேசினார். "எங்கள் வீட்டில் எல்லோரும் புற்றுநோயில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்ற கருத்தில் அவர் சொன்னாராம். அப்போது அவர் நல்ல ஆரோக்கியமாக இருந்தார். வார்தின் அதைச் சிரித்து ஒதுக்காமல், அந்தப் பெண்ணின் உதவியோடு உறவினர் ஒவ்வொருவர் விவரத்தையும் சேகரித்து 1913இல் வெளியிட்டார். அந்தப் பெண் தான் சொன்னபடியே 1919இல் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். பிற்பாடு ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்கள் பரம்பரையாக வரும் அந்த நிலைக்கு இன்று 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்று பெயர். ஒரு தையற்காரப் பெண் வாய்விட்டுச் சொன்னதிலிருந்து தொடங்கியது அது.

1990இல் மேரி-கிளேர் கிங் என்ற விஞ்ஞானி, மார்பகப் புற்றுநோய் பரவலாக இருந்த குடும்பங்களை ஆராய்ந்து, 17ஆவது குரோமோசோமில்தான் அந்த மரபணு இருக்கிறது என்று காட்டினார். 1994இல் பி.ஆர்.சி.ஏ.1, அடுத்த வருடம் பி.ஆர்.சி.ஏ.2 கண்டுபிடிக்கப்பட்டன. இந்த மரபணுக்களின் வேலை, செல்லில் டி.என்.ஏ. உடைந்தால் அதைச் சரிசெய்வது. பழுது பார்ப்பவனே பழுதாகிவிட்டால் என்ன ஆகும்? பிழையுள்ள பி.ஆர்.சி.ஏ.1 இருக்கும் பெண்களில், 80 வயதுக்குள் 10 பேரில் சுமார் 7 பேருக்கு மார்பகப் புற்றுநோயும், 4 பேருக்கு மேல் சினைப்பைப் புற்றுநோயும் வருவதாகப் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அப்பாவிடமிருந்தும் வரும், அம்மாவிடமிருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று யாரையும் திட்ட வேண்டியதில்லை.

நம் சென்னைக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சட்டமன்றத்துக்கும் தேவதாசி ஒழிப்புக்குமாகப் பாடத்தில் நடத்தியிருக்கிறேன். 1923இல் அவருடைய தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்திருக்கிறார்கள். ஒரு டாக்டரின் வீட்டிலேயே அந்த நிலை. அந்தத் துக்கத்தை அவர் மூடி வைக்கவில்லை, ஊரறியச் சொன்னார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை வேலையைத் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அங்கே பரம்பரைப் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

2009இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரலாறு உள்ள 61 தென்னிந்திய நோயாளிகளைப் பரிசோதித்ததில், 17 பேருக்கு இந்த இரண்டு மரபணுக்களில் ஒன்றில் பிழை இருந்தது. இது வெள்ளைக்காரர் நோய் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன்.

குடும்பத்தில் முதல் ஆளுக்குச் செய்யும் பரிசோதனை என்பது, ஒரு பெரிய புத்தகத்தில் எங்கோ இருக்கும் ஓர் அச்சுப்பிழையைத் தேடுவது மாதிரி. எல்லாப் பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அதனால் செலவு கூடுதல். பிழை கிடைத்துவிட்டால் அது எந்தப் பக்கம், எந்த வரி என்று தெரிந்துவிடும். அடுத்து வரும் தம்பிக்கும் தங்கைக்கும் மகளுக்கும் அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். செலவு பல மடங்கு குறையும். ஆக, முதல் ஆள் கொடுத்த காசில் மொத்தக் குடும்பத்துக்கும் வழி கிடைக்கிறது. ஆனால் அந்தச் செய்தி குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான். சேராவிட்டால் கொடுத்த காசில் பெரும்பங்கு வீண்.

என் அக்கா மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். உடன் பிறந்தவர்கள் 2 பேர், பிள்ளைகள் 2 பேர், தாய்மாமன் நான் ஒருவன். அவள் ஒருத்தியின் முடிவு 5 பேருக்குச் சேதி. உடன் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிழை இருப்பவர்கள் இளவயதிலேயே எம்.ஆர்.ஐ. பரிசோதனையைத் தொடங்கலாம். பிள்ளை பெற்று முடித்த பிறகு, டாக்டரோடு கலந்து பேசிச் சினைப்பையை எடுத்துவிடலாம். அதனால் சினைப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் 80 சதவீதம் குறைகிறது. பிழை இல்லாதவர்களுக்கு லாபம் இன்னும் பெரிது. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பயத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். தேவையில்லாத ஸ்கேன் இல்லை, லீவு போட்டு அலையும் அலைச்சல் இல்லை.

2009இல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு, புதிதாகப் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் எல்லோருக்கும் லிஞ்ச் பரிசோதனையைச் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவர்கள் சொன்ன காரணம், அந்த நோயாளியின் உறவினர்களுக்குக் கிடைக்கும் பயன். பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோதும் அதுதான் வந்தது. ஒரு நோயாளிக்குப் பின்னால் எத்தனை உறவினர்கள் வருகிறார்கள் என்பதை வைத்தே அந்தத் திட்டம் கட்டுப்படியாகுமா ஆகாதா என்று தீர்மானமாகிறது. பல நாட்டு அனுபவத்தில், வர வேண்டிய உறவினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வருகிறார்கள். நோயாளியே எல்லோரிடமும் போய்ச் சொல்லட்டும் என்று விடாமல், மருத்துவமனையே கடிதம் எழுதியோ போன் செய்தோ உதவினால் எண்ணிக்கை நன்றாகக் கூடுகிறது. அந்தக் கடிதத்தையும் போனையும் செய்ய ஒரு மரபணு ஆலோசகர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். ஸ்கேன் கருவி வாங்கக் காசு ஒதுக்குகிற நாம், பேச ஓர் ஆள் போட யோசிக்கிறோம்.

நம் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஏழைக்கு அது பெரிய வரம். ஆனால் எண்ணூரிலிருந்து அடையாறுக்குப் போய்வரும் செலவு, கூடத் துணைக்குப் போகிறவரின் தினக்கூலி, அடகுக்கடை வட்டி, பாதியில் நின்ற பிள்ளையின் படிப்பு, இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. மூன்றாம் கட்டத்தில் தெரிந்த நோய்க்கும் முதல் கட்டத்தில் தெரிந்த நோய்க்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில்தான் தெரியும். அக்காவுக்காக விற்ற மணலி மனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். ஆயாவுக்கு என்ன நோய் என்று பெரியம்மாவிடமும், பெரியம்மாவுக்கு என்ன நோய் என்று அக்காவிடமும் யாராவது சொல்லியிருந்தால்? 1994இல் இந்தப் பரிசோதனை நம் ஊரில் கிடையாதுதான். ஆனால் முன்கூட்டியே ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்திருப்பாள்.

சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? இது நீதிமன்றம் வரை போன கேள்வி. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒருவர் 1964இல் பரம்பரைப் பெருங்குடல் நோயால் இறந்தார். அப்போது அவர் மகளுக்குப் பத்து வயது. 1990இல் அவளுக்கும் அதே நோய். என் அப்பாவின் டாக்டர் எங்களை எச்சரித்திருக்க வேண்டாமா என்று வழக்குப் போட்டாள். ஆபத்தில் இருக்கும் குடும்பத்தாரை எச்சரிக்கும் கடமை டாக்டருக்கு உண்டு என்று 1996இல் அங்கே தீர்ப்பு வந்தது. பிரான்சில் 2011 சட்டப்படி, இப்படியொரு பிழை தெரிந்தால் உறவினருக்குச் சொல்வது நோயாளியின் கடமை. தானே சொல்ல மனம் வராவிட்டால், நோயாளியின் பெயரைச் சொல்லாமலே டாக்டர் மூலம் சொல்லலாம். அந்தப் பெயர் சொல்லாத வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நம் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்தும்.

பயத்துக்கும் காரணம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒன்று காசு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒரே கம்பெனி இந்த மரபணுக்களுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. பரிசோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் கேட்டார்கள். இயற்கையில் இருக்கும் மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013 ஜூனில் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு போட்டி வந்தது, விலை இறங்கியது. இரண்டாவது காப்பீடு. மரபணுவைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டது. இங்கே 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணு நோய் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்றது. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. நமக்கென்று தெளிவான ஒரு சட்டம் வர வேண்டும்.

மூன்றாவது, கல்யாணச் சந்தை. அதற்கு எந்தச் சட்டமும் உதவாது. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சர்க்கரை உண்டு என்றால், "யார் வீட்டில்தான் இல்லை" என்று சிரிக்கிறோம். கேன்சர் என்றால் காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். நானே அந்தப் பயத்துக்கு இரண்டு வருடம் பலியானவன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எண்ணூர்க்காரர்கள் என்னை விடமாட்டீர்கள். புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரைதான் இப்படிப் பரம்பரைப் பிழையால் வருபவை. ஆகவே நம் ஊரில் யாருக்கு நோய் வந்தாலும் "உங்கள் பரம்பரை" என்று சொல்லிவிட்டு யாரும் கை கழுவ முடியாது. புகையைப் பற்றியும், சாம்பலைப் பற்றியும், கொசஸ்தலை ஆற்றைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் "எல்லாம் புகையால்தான்" என்று சொல்லி, வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் வரிசையாகப் போவதைப் பார்க்காமல் இருப்பதும் தப்பு. என் வீட்டில் அதுதான் நடந்தது.

என்ன செய்யலாம்? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே மூன்று விஷயம்: என்ன நோய், எந்த வயதில் வந்தது, எந்த மருத்துவமனையில் பார்த்தார்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதுங்கள், 'இல்லை' என்று எழுதாதீர்கள். 50 வயதுக்குள் மார்பகம், கருப்பை, பெருங்குடல் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேர் என்று இருந்தால், அந்த நோட்டோடு டாக்டரிடம் போய் மரபணு ஆலோசனை வேண்டுமா என்று கேளுங்கள். நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைப் பரிசோதிப்பதுதான் முறை.

அரசுக்கும் ஒரு விண்ணப்பம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தச் சகோதரிகள் "உங்க வீட்ல யாருக்காவது கேன்சர் இருந்துச்சாம்மா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டால் எவ்வளவு நல்லது. பெரிய மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் குடும்பத்தாரோடு பேசுவதற்கென்றே ஓர் ஆலோசகரைப் போட்டால், அந்தச் சம்பளம் பல மடங்காகத் திரும்பி வரும்.

என் மாணவர் நேற்று போன் செய்தார். அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூரில் இருக்கும் சின்ன ஆயா வீட்டுக்குப் போயிருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். முதலில் "அதெல்லாம் இப்ப எதுக்குடா" என்றாராம். பேத்திக்கு வந்ததைச் சொன்ன பிறகு, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "அக்காவுக்கு மார்ல கட்டிடா, வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போய் அந்தக் கட்டத்தைத் திருத்தி எழுதப் போகிறார்.